கிளவுட் கட்டளைவரிக் கருவிகளை விண்டோஸ், மேக், லினக்ஸில் நிறுவுதல்: ஒரு மதிப்புரை

அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய நிறுவனங்களின் கிளவுட் சேவைகளை உலாவியிலேயே திறந்து நிர்வகிக்கலாம். ஆனால் ஒரே வேலையைப் பல சர்வர்களில் செய்ய வேண்டியவர்களும், இன்று செய்ததை அடுத்த மாதம் அப்படியே திரும்பச் செய்ய வேண்டியவர்களும் வெகு சீக்கிரம், எழுத்தாகக் கட்டளை தட்டி வேலை வாங்கும் கட்டளைவரிக் கருவிக்கு (சுருக்கமாக சி.எல்.ஐ.) வந்துவிடுகிறார்கள். அமேசானுக்கு ஏடபிள்யூஎஸ் சி.எல்.ஐ., மைக்ரோசாஃப்ட்டுக்கு அஸூர் சி.எல்.ஐ., கூகுளுக்கு ஜிகிளவுட் சி.எல்.ஐ. என்று மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்றும் பைதான் மொழியில் எழுதப்பட்டவை. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற மூன்று இயங்குதளங்களுக்கும் வெளியிடப்படுபவை. இந்த மதிப்புரை அந்தச் சேவைகளின் தரத்தைப் பற்றியதோ விலையைப் பற்றியதோ அன்று. மேசையில் இருக்கும் கணினியில் இக்கருவிகளை நிறுவுவதும், புதுப்பிப்பதும், நீக்குவதும் எவ்வளவு ஒழுங்காக நடக்கின்றன என்பதை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. சிறு நிறுவனங்களில் எல்லோரும் ஒரே வகைக் கணினியை வைத்திருப்பதில்லை. கணக்குப் பிரிவில் விண்டோஸ், வடிவமைப்பாளரிடம் மேக், நிரலாளரிடம் லினக்ஸ் வகையான உபுண்டு என்று கலந்தே இருக்கும். அத்தனைக்கும் பொறுப்பானவர் பெரும்பாலும் ஒருவராகத்தான் இருப்பார். அவருக்கு உதவ வேண்டிய வழிகாட்டிகளோ ஏதேனும் ஓர் இயங்குதளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பதிப்பு எண் திரையில் தெரிந்தவுடன் வேலை முடிந்ததாகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. ஒரு நிறுவியின் தரம் அதற்குப் பிறகுதான் தெரியத் தொடங்குகிறது என்பது என் கருத்து. இந்தக் கருவிகளுக்குப் புதிய பதிப்புகள் அடிக்கடி வருகின்றன. அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு இயங்குதளத்தினுடையதா, கருவியினுடையதா, அல்லது நம்முடையதா என்ற கேள்விக்குக் குழப்பமில்லாமல் விடை சொல்லும் நிறுவியே நல்ல நிறுவி. மூன்றையும் அந்த அளவுகோலைக் கொண்டே பார்க்கிறேன்.

ஏடபிள்யூஎஸ் சி.எல்.ஐ. 2013ஆம் ஆண்டு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த முதல் வரிசைப் பதிப்பு பைதான் தொகுப்புகளை நிறுவும் 'பிப்' கருவி வழியாக நிறுவப்படுவது. கணினியில் எந்தப் பைதான் இருக்கிறதோ அதைச் சார்ந்தே ஓடும். பைதானைப் புதுப்பித்தால் இது நின்றுபோவதும், இதற்காக நிறுவிய துணைத் தொகுப்புகள் வேறொரு நிரலைக் கெடுப்பதும் அப்போது சாதாரணம். 2020 பிப்ரவரியில் வெளியான இரண்டாம் வரிசை அந்தச் சார்பை அடியோடு அறுத்துவிட்டது. தனக்கு வேண்டிய பைதானைத் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருவதால், கணினியில் பைதான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. இந்தக் கருவியின் வரலாற்றில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவு இது என்றே சொல்வேன்.

ஆனால் பழைய வழி இன்னும் மறையவில்லை. பயிற்சி வகுப்புகளில் கைமாறும் குறிப்புகளிலும் பழைய வீடியோக்களிலும் பிப் வழியே நிறுவும் கட்டளைதான் இருக்கிறது. இரண்டாம் வரிசையை அமேசான் அந்த வழியில் வெளியிடுவதில்லை என்பதால், அதைப் பின்பற்றுவோர் கையில் முதல் வரிசையே வந்து சேர்கிறது. டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகிய லினக்ஸ் பதிப்புகளிலிருந்து இந்த வழி வேறு விதமாகவும் அடைபட்டுவிட்டது. இயங்குதளத்தின் பைதானுக்குள் பிப் நேரடியாக எதையும் நிறுவ முடியாதபடி அவை தடுக்கின்றன. அந்தத் தடையை மீறுவதற்கென்று ஒரு துணைக் குறி இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சொல்லும் ஆலோசனைகளும் ஏராளமாக இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அந்தத் தடை இயங்குதளம் தன் சொந்தக் கருவிகளைக் காத்துக்கொள்ளப் போட்ட வேலி. உபுண்டு 22.04இன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து, நிரல்களை நிறுவிப் புதுப்பிக்கும் தொகுப்பு மேலாளரான 'ஆப்ட்' வழியே நிறுவினாலும் முதல் வரிசையே வரும். எனவே லினக்ஸில் நிறுவி முடித்தவுடன் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பார்க்கும்போது, அது 1இல் தொடங்குகிறதா 2இல் தொடங்குகிறதா என்று கவனிக்க வேண்டும்.

விண்டோஸில் இதை நிறுவுவது மூன்றிலும் எளிது. 64 பிட் விண்டோஸுக்கான எம்.எஸ்.ஐ. கோப்பைப் பதிவிறக்கி இருமுறை சொடுக்கினால், உரிம ஒப்புதல் கேட்டு, நிர்வாகி அனுமதி கேட்டு, நிரல்களுக்கான வழக்கமான கோப்புறையில் அமேசான் என்ற பெயரின் கீழ் போய் அமர்ந்துகொள்கிறது. கட்டளைகளை எங்கே தேட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் 'பாத்' மாறியில் தன் இடத்தையும் தானே எழுதிக்கொள்கிறது. இந்த இடத்தில் புதிதாக வருபவர்கள் தடுமாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கட்டளைச் சாளரத்தை ஏற்கெனவே திறந்துவைத்துக்கொண்டு நிறுவியிருப்பார்கள். நிறுவல் முடிந்ததும் அதே சாளரத்தில் கட்டளையைத் தட்டுவார்கள். அப்படியொரு கட்டளையே இல்லை என்று விண்டோஸ் சொல்லும். உடனே நிறுவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள், மறுபடியும் அதே பதில்தான் வரும். திறந்திருக்கும் சாளரம் தான் திறந்தபோது இருந்த பாத் மாறியையே வைத்துக்கொண்டிருக்கிறது என்பதும், அதை மூடிப் புதிதாகத் திறந்தால் போதும் என்பதும் நிறுவியின் கடைசித் திரையில் ஒரு வரியாக இருந்திருந்தால் எத்தனையோ பேரின் அரைமணி நேரம் மிஞ்சியிருக்கும். விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற செயலிக்குள் இருக்கும் முனையத்தை (கட்டளைச் சாளரத்தை) பயன்படுத்துவோர் அந்தச் செயலியையே முழுமையாக மூடித் திறக்க வேண்டும். உள்ளே புதிய முனையத் தாவலைத் திறப்பது மட்டும் போதாது.

மேக்கில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன, சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. அமேசான் தருவது பி.கே.ஜி. வகைக் கோப்பு. மேக்குக்கான தொகுப்பு மேலாளரான 'ஹோம்புரூ' வழியாகவும் நிறுவலாம், ஆனால் அது தன்னார்வலர்கள் பராமரிப்பது. தனித்தனியாக இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஒரே கணினியில் இரண்டும் சேர்ந்துவிட்டால் குழப்பம். ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட மேக்குகளில் ஹோம்புரூ தன் தொகுப்புகளை '/opt' என்ற கோப்புறைக்குள் வைக்கிறது. அமேசானின் நிறுவியோ 'யூஎஸ்ஆர் லோக்கல்' கோப்புறைக்குள் வைக்கிறது. பாத் மாறியில் எது முன்னால் இருக்கிறதோ அது ஓடும். ஆகவே, புதிய பி.கே.ஜி. கோப்பைப் பதிவிறக்கி நிறுவிய பிறகும் பதிப்பு எண் மாறாமல் நிற்பதைக் காணலாம். 'விச்' கட்டளையுடன் அனைத்தையும் காட்டும் துணைக் குறியைச் சேர்த்துக் கேட்டால், ஒரே பெயரில் இரண்டு கருவிகள் இரண்டு இடங்களில் இருப்பது தெரிந்துவிடும். விண்டோஸில் அதே வேலையைச் செய்வது 'வேர்' கட்டளை. எதையும் நிறுவத் தொடங்கும் முன்பே இந்தக் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

லினக்ஸில் ஒரு ஜிப் கோப்பைப் பதிவிறக்கி, விரித்து, உள்ளே இருக்கும் நிறுவல் நிரலை நிர்வாகி உரிமையுடன் ஓட்ட வேண்டும். இன்டெல் வகைச் சில்லுக்கு ஒன்றும் ஆர்ம் வகைச் சில்லுக்கு ஒன்றுமாக இரண்டு ஜிப் கோப்புகள் இருக்கின்றன. நிர்வாகி உரிமை இல்லாதவர்கள் நிறுவும் இடத்தையும் கட்டளை இருக்க வேண்டிய இடத்தையும் தங்கள் ஹோம் கோப்புறைக்குள் குறித்துக்கொடுத்தால் அங்கேயே நிறுவிக்கொள்ளலாம். கல்லூரி ஆய்வகங்களில் இது பேருதவி. ஜிப் கோப்பு நம்பகமானதுதானா என்று சரிபார்க்க ஒரு கையொப்பக் கோப்பையும் அமேசான் தருகிறது. ஆனால் அதைச் சரிபார்ப்பதற்கான பொதுச் சாவியை ஆவணப் பக்கத்திலிருந்து நாமே எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விண்டோஸும் மேக்கும் நிறுவியின் கையொப்பத்தைத் தாமாகவே பார்த்துக்கொள்ளும்போது, சர்வர்களைக் கையாள்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் லினக்ஸில் மட்டும் இந்தச் சரிபார்ப்பு கைவேலையாக விடப்பட்டிருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கைவேலை என்றால் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

புதுப்பித்தலுக்கு வருவோம். ஏடபிள்யூஎஸ் சி.எல்.ஐ.க்குள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் கட்டளை கிடையாது. விண்டோஸிலும் மேக்கிலும் புதிய நிறுவியைப் பதிவிறக்கிப் பழையதன் மேலேயே நிறுவ வேண்டும். லினக்ஸில் மறுபடி ஜிப்பைப் பதிவிறக்கி, புதுப்பிப்பதற்கான குறியுடன் அதே நிறுவல் நிரலை ஓட்ட வேண்டும். அப்படிச் செய்யும்போது புதிய பதிப்பு தனிக் கோப்புறையாக வந்து சேர்ந்து, நடப்புப் பதிப்பைச் சுட்டும் இணைப்பு அதற்கு மாற்றப்படுகிறது. பழைய பதிப்பின் கோப்புறை அங்கேயே கிடக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் ஒழுங்காகப் புதுப்பித்துவந்த ஒரு கணினியில் அந்த இடத்தைத் திறந்து பார்த்தால், வரிசையாகப் பதிப்பு எண்கள் நிற்கும். வட்டில் இடம் குறைவான கணினிகளில் அவற்றை அவ்வப்போது நீக்குவது நம் பொறுப்பு. அமேசானின் விடை இதுதான்: நிறுவுவதை நான் ஒழுங்காகச் செய்துவிடுகிறேன், மற்றதை நீ பார்த்துக்கொள். தெளிவான விடைதான், ஆனால் நம் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றும் விடை. விண்டோஸின் தொகுப்பு மேலாளரான 'விங்கெட்' வழியாகவும், உபுண்டுவின் 'ஸ்னாப்' என்ற தொகுப்பு முறை வழியாகவும் நிறுவினால் இந்தப் பாரம் குறைகிறது என்பதால், புதிதாகத் தொடங்குவோருக்கு நான் அந்த வழிகளையே சொல்கிறேன்.

இந்தப் புதுப்பித்தல் விஷயத்தில் அஸூர் சி.எல்.ஐ. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2.11.0 பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே புதுப்பிப்பதற்கான கட்டளை ஒன்று இருக்கிறது. விண்டோஸில் ஓட்டினால் எம்.எஸ்.ஐ. நிறுவியையும், மேக்கில் ஓட்டினால் ஹோம்புரூவையும், டெபியன் வகை லினக்ஸில் ஓட்டினால் ஆப்டையும் அதுவே அழைத்து வேலையை முடிக்கிறது. நிறுவியிருக்கும் துணை நீட்சிகளையும் சேர்த்தே புதுப்பிக்கிறது. மூன்று இயங்குதளங்களுக்கும் ஒரே கட்டளை என்பதால், அலுவலகத்தில் உள்ள அனைவருக்கும் ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடலாம். யார் எந்தக் கணினி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடியில் இருக்கும் தொகுப்பு மேலாளருடன் சண்டை போடாமல் அதன் வழியாகவே போவதுதான் இதன் சிறப்பு.

லினக்ஸில் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் களஞ்சியத்தையே நடத்துகிறது. டெபியன், உபுண்டு வகைகளுக்கு ஒரே வரியில் நிறுவும் வழியும் இருக்கிறது: இணையத்திலிருந்து ஒரு நிரலைப் பதிவிறக்கி, அதே மூச்சில் நிர்வாகி உரிமையுடன் ஓட்டிவிடும் கட்டளை அது. வசதிதான் என்றாலும், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் இணையத்திலிருந்து வரும் ஒன்றை அவ்வளவு உரிமையுடன் ஓட்டுவதை நான் யாருக்கும் பழக்கமாக்க விரும்பமாட்டேன். அதே ஆவணத்தில், சாவியைச் சேர்ப்பது, களஞ்சியத்தைச் சேர்ப்பது, பிறகு நிறுவுவது என்று படிப்படியாகச் செய்யும் முறையும் தரப்பட்டிருக்கிறது. கூடுதலாக ஐந்து நிமிடம் ஆனாலும் அதையே செய்யலாம். ஒருமுறை களஞ்சியம் சேர்ந்துவிட்டால், கையொப்பச் சரிபார்ப்பை ஆப்ட் தானாகவே செய்துகொள்ளும். இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கருவியும் சேர்ந்தே புதுப்பிக்கப்படும். களஞ்சியத்தைச் சேர்க்காமல் உபுண்டுவின் பொதுக் களஞ்சியத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உபுண்டு 20.04 நல்ல சான்று. அதில் கிடைத்தது 2.0.81 என்ற மிகப் பழைய பதிப்பு. அதை நீக்கிவிட்டு நிறுவும்படி மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே எச்சரித்தது.

மேக்கில் அஸூர் சி.எல்.ஐ.க்கு மைக்ரோசாஃப்ட் காட்டும் வழக்கமான வழி ஹோம்புரூ. ஏற்கெனவே ஹோம்புரூ வைத்திருக்கும் நிரலாளருக்கு இது ஒரு வரி வேலை. வைத்திராதவர் முதலில் ஆப்பிளின் கட்டளைவரிக் கருவிகளையும், பிறகு ஹோம்புரூவையும் நிறுவிவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும். நிர்வாகி உரிமையும் வேண்டும். மேலும், இது ஹோம்புரூவின் பைதானைச் சார்ந்து ஓடுகிறது. தனக்கான பைதானைத் தானே சுமந்துவரும் அமேசானின் முறையோடு ஒப்பிட்டால், மேக்கைப் பொறுத்தவரை அஸூரின் நிறுவல் ஒரு படி கீழேதான். மெல்லத் தொடங்குவது இந்தக் கருவியின் இன்னொரு குறை. பழைய கணினிகளில் கட்டளையைத் தட்டிவிட்டுச் சில விநாடிகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். வசதியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உபுண்டு, விண்டோஸின் பாத் மாறியையும் தன்னுடையதோடு சேர்த்துக்கொள்கிறது. அதனால் உபுண்டுவுக்குள் அஸூர் சி.எல்.ஐ.யை நிறுவாமலேயே கட்டளையைத் தட்டினால், விண்டோஸில் நிறுவியிருக்கும் கருவியைத் தேடிப் பிடித்து ஓட்ட முயல்கிறது. புரியாத பிழைகளும் வருகின்றன. கருவி இருக்கிறது, ஓட மறுக்கிறது என்று எண்ணி நிறுவியைக் குறை சொல்லத் தோன்றும். உண்மையில் அங்கு எதுவும் நிறுவப்படவே இல்லை. உபுண்டுவுக்குள் தனியாக நிறுவிக்கொள்வதே தீர்வு. அப்படி நிறுவிய பிறகு உள்நுழைவையும் தனியாகச் செய்ய வேண்டும், ஏனெனில் விண்டோஸின் ஹோம் கோப்புறை வேறு, உபுண்டுவின் ஹோம் கோப்புறை வேறு. இது மூன்று கருவிகளுக்குமே பொருந்தும். விண்டோஸில் உண்மையான பயன்பாட்டில் இருக்கும் உற்பத்திச் சூழலின் கணக்கிலும் உபுண்டுவில் சோதனைச் சூழலின் கணக்கிலும் நுழைந்துவைத்துக்கொண்டு, எந்தச் சாளரத்தில் இருக்கிறோம் என்பதை மறந்து ஒரு சர்வரை நீக்கிவிடுவது எளிதில் நடக்கக்கூடியது. நீக்கும் கட்டளைக்கு முன் நடப்புக் கணக்கு எது என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை மூன்றிலும் இருக்கிறது.

ஜிகிளவுட் சி.எல்.ஐ.யின் விண்டோஸ் நிறுவி புதியவர்களுக்கு மிகவும் அனுசரணையானது. கணினியில் உள்ள எல்லோருக்குமா, நமக்கு மட்டுமா என்று கேட்கிறது. நமக்கு மட்டும் என்றால் நிர்வாகி உரிமை தேவைப்படுவதில்லை. பைதானையும் சேர்த்தே தருகிறது. கடைசித் திரையிலேயே முதல் அமைப்புக்கான கட்டளையை ஓட்டவும், தனிச் சாளரத்தைத் திறக்கவும் தேர்வுப் பெட்டிகள் இருப்பதால், முன்பு சொன்ன பழைய சாளரக் குழப்பம் பெரும்பாலும் நேர்வதில்லை. பூட்டப்பட்ட அலுவலகக் கணினிகளிலும் மாணவர் ஆய்வகங்களிலும் இதை நிறுவுவது மற்ற இரண்டையும்விட எளிது.

மேக்கில் கூகுள் தரும் வழி வேறு. ஒரு சுருக்கக் கோப்பைப் பதிவிறக்கி விரித்து, உள்ளே இருக்கும் நிறுவல் நிரலை ஓட்ட வேண்டும். இந்த நிரல் கருவியை வேறு எங்கும் கொண்டுபோய் வைப்பதில்லை. எங்கே விரித்தோமோ அதுவே அதன் வீடு. பெரும்பாலோர் விரிப்பது பதிவிறக்கக் கோப்புறையில்தான். அந்த இடத்தின் முகவரியே முனையத்தின் அமைப்புக் கோப்பில் எழுதப்படுகிறது. சில வாரங்கள் கழித்து, இடம் போதவில்லை என்று பதிவிறக்கக் கோப்புறையைக் காலி செய்யும்போது கருவியும் சேர்ந்து போய்விடுகிறது. அதன் பிறகு கட்டளையைத் தட்டினால், அப்படியொரு கட்டளை கிடைக்கவில்லை என்றே பதில் வரும். விரிப்பதற்கு முன்பே ஹோம் கோப்புறைக்கு நகர்த்திக்கொள்வது ஒன்றே தற்காப்பு. அமைப்புக் கோப்பை மாற்றும் முன் அதன் பழைய வடிவத்தை நகலெடுத்துவைத்துவிட்டு, எந்தக் கோப்பை மாற்றப்போகிறேன் என்று கேட்டுவிட்டே மாற்றுவது இந்த நிரலின் நல்ல குணம். அந்தக் கேள்வியைப் படிக்காமல் நுழைவு விசையை அழுத்துவது நம் குணமாக இருக்கக் கூடாது.

கூகுளின் கருவிக்குப் புதுப்பிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் என் அளவுகோலில் அது சறுக்குவதும் இங்கேதான். நிறுவியையோ சுருக்கக் கோப்பையோ பயன்படுத்தியிருந்தால் கருவியின் பகுதிகளைச் சேர்க்கவும் புதுப்பிக்கவும் உள்ளேயே இருக்கும் உறுப்பு மேலாளர் வேலை செய்யும். ஆப்ட் வழியாகவோ ஸ்னாப் வழியாகவோ நிறுவியிருந்தால் அந்த மேலாளர் முடக்கப்பட்டிருக்கும். ஆப்டைப் பொறுத்தவரை, அதற்கு ஈடான ஆப்ட் கட்டளை எது என்று அதுவே எடுத்துச் சொல்கிறது, அந்த வகையில் நன்றி. இருந்தும் ஒரே கட்டளை ஒரு கணினியில் ஓடி மறு கணினியில் மறுப்பது, கலந்த சூழலை நிர்வகிப்பவருக்குத் தொல்லை. பல சர்வர்களில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸைப் பயன்படுத்துவோர் இதை நேரடியாக உணர்வார்கள். குபர்நெட்டிஸின் 1.26 பதிப்பிலிருந்து, கூகுளின் கிளஸ்டர்களுக்குள் (சர்வர் தொகுதிகளுக்குள்) நுழையத் தனியாக ஓர் அங்கீகாரச் செருகி வேண்டும். விண்டோஸில் அதை உறுப்பு மேலாளர் வழியாகவும், உபுண்டுவில் தனி ஆப்ட் தொகுப்பாகவும் நிறுவ வேண்டும். ஒரே குழுவுக்கு இரண்டு விதமான குறிப்புகளை எழுதிவைக்க வேண்டிய நிலை இது. உறுப்பு மேலாளர் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் முந்தைய பதிப்பைத் தன் கோப்புறைக்குள்ளேயே மறைவாகச் சேமித்துவைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். புதிய பதிப்பில் கோளாறு என்றால் பழையதற்குத் திரும்பலாம் என்ற நல்ல நோக்கம்தான், ஆனால் சில நூறு மெகாபைட் இடத்தை அது பிடித்துக்கொண்டிருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

நிறுவல் சரியாக முடிந்தும் கருவி வேலை செய்யாததற்கு, கருவிக்கு வெளியே இரண்டு காரணங்களை அடிக்கடி காண்கிறேன். முதலாவது கடிகாரம். அமேசானுக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் நேரத்தைச் சேர்த்துக் கையொப்பமிடப்படுகிறது. கணினியின் கடிகாரம் சில நிமிடங்களுக்கு மேல் பிசகியிருந்தால் கையொப்பம் காலாவதி என்று கோரிக்கை நிராகரிக்கப்படும். தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்துபோன பழைய மேசைக் கணினிகளில் இது சகஜம். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் மாறி மாறி ஓடும் இரட்டை நிறுவலில் இது இன்னும் விசித்திரமாக வரும். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் அந்த இடைவெளி ஐந்தரை மணி நேரம். நேற்று உபுண்டுவில் இருந்துவிட்டு இன்று விண்டோஸுக்கு வந்தவர், சாவி தவறு என்று நினைத்துப் புதிய சாவி உருவாக்கிக்கொண்டிருப்பார். செய்ய வேண்டியதோ கடிகாரத்தை இணையத்துடன் ஒத்திசைப்பது மட்டுமே.

இரண்டாவது, அலுவலக வலையமைப்பு. நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் வெளியே போகும் இணையத் தொடர்புகள் அனைத்தையும் நடுவில் ஒரு ப்ராக்ஸி பிரித்துப் பார்த்து, தன் சொந்தச் சான்றிதழைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. உலாவியில் எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. கட்டளைவரிக் கருவிகள் மட்டும் சான்றிதழ் பிழை என்று நின்றன. நிர்வாகம் தன் சான்றிதழை இயங்குதளத்தின் பெட்டகத்தில்தான் சேர்த்திருந்தது. இந்தக் கருவிகளோ தம் பைதானோடு வரும் சான்றிதழ்ப் பட்டியலையே பார்க்கின்றன. அமேசானின் கருவிக்கும் அஸூரின் கருவிக்கும் தனித்தனிச் சூழல் மாறிகளிலும், கூகுளின் கருவிக்கு அதன் சொந்த அமைப்பிலும் அந்தச் சான்றிதழ்க் கோப்பின் இடத்தைச் சொல்ல வேண்டும். சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறுக்குவழிகளும் உண்டு. கிளவுட் கணக்கின் சாவி பயணிக்கும் பாதையில் அப்படிச் செய்வது ஆபத்தானது. மூன்று நிறுவனங்களும் இதைத் தங்கள் நிறுவல் பக்கத்திலேயே முன்னால் கொண்டுவந்து சொல்ல வேண்டும் என்பது என் கோரிக்கை.

நிறுவிய பின் வரும் முதல் கேள்விகளில், சர்வர்கள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் வட்டாரமும் ஒன்று. அமேசானின் கருவி அணுகல் சாவி, இரகசியச் சாவி, இயல்பு வட்டாரம், வெளியீட்டு வடிவம் என்று நான்கைக் கேட்கிறது. வட்டாரத்துக்கு மும்பை என்று ஊர்ப் பெயரை எழுதினால் ஏற்காது. 2016இல் தொடங்கிய அந்த வட்டாரத்துக்கான குறியீட்டைத்தான் எழுத வேண்டும். வேறொரு வட்டாரத்தின் குறியீட்டை எழுதிவிட்டால் பெரும்பாலும் பிழை வராது, சர்வர் பட்டியல் காலியாக வரும். அதைப் பார்த்து நிறுவலில்தான் கோளாறு என்று எண்ணுவோர் உண்டு. அஸூரில் சென்னையில் இருக்கும் வட்டாரத்துக்கு 'சவுத் இந்தியா' என்று பெயர். அது 2015 முதல் இயங்குகிறது. கூகுளுக்கு இந்தியாவில் மும்பையும் டெல்லியும் இருக்கின்றன.

சாவிகள் எங்கே போய் உட்காருகின்றன என்பதை நிறுவும்போதே தெரிந்துகொள்வது மிக அவசியம். அமேசானின் கருவி அவற்றை ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் மறை கோப்புறையில் சாதாரண எழுத்தாகவே வைக்கிறது. அஸூரின் கருவி உள்நுழைவுச் சீட்டுகளை விண்டோஸில் மறையாக்கம் செய்து வைக்கிறது, மேக்கிலும் லினக்ஸிலும் அப்படிச் செய்வதில்லை. கூகுளின் கருவி அவற்றை ஒரு சிறு தரவுத்தளக் கோப்பில் வைக்கிறது. முழு அதிகாரமும் கொண்ட மூலக் கணக்கின் நிரந்தரச் சாவியை ஒருபோதும் இவற்றுக்குள் எழுத வேண்டாம். அமேசானில் ஒற்றை உள்நுழைவு வழியாகச் சில மணி நேரமே செல்லும் தற்காலிகச் சாவியைப் பெறும் அமைப்பு இருக்கிறது. முதல் நாள் கொஞ்சம் கூடுதல் வேலை வைத்தாலும் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

கலந்த கணினிகளைக் கொண்ட அலுவலகத்தில் எதை நிர்வகிப்பது எளிது என்று கேட்டால், அஸூர் சி.எல்.ஐ.யை முதலில் வைப்பேன். அதன் மேக் நிறுவல் மட்டும் மேம்பட வேண்டும். தனிக் கணினியில் உறுதியாக ஓடுவதில் ஏடபிள்யூஎஸ் சி.எல்.ஐ.க்கு இணையில்லை. உரிமைகள் இல்லாத மாணவருக்கு ஜிகிளவுட் போதும். அதையும் நிறுவ முடியாத கணினி என்றால், மூன்று நிறுவனங்களுமே உலாவிக்குள் ஓடும் முனையத்தைத் தருகின்றன. கருவி அதில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். கூகுள் அதில் 5 ஜிகாபைட் நிலையான இடமும், அமேசான் வட்டாரத்துக்கு 1 ஜிகாபைட் இடமும் கொடுக்கின்றன.

நீக்குவதில் மூன்றுமே ஒரே குறையைப் பகிர்ந்துகொள்கின்றன. விண்டோஸில் செயலிகள் பட்டியலிலிருந்து நீக்கினாலும், ஹோம்புரூவிலோ ஆப்டிலோ நீக்கினாலும், அமேசானின் லினக்ஸ் பதிப்பை ஒவ்வொரு கோப்புறையாகக் கையால் நீக்கினாலும், போவது கருவி மட்டும்தான். சாவிகளும் உள்நுழைவுச் சீட்டுகளும் இருக்கும் கோப்புறை ஹோமுக்குள் அப்படியே கிடக்கும். வேலையை விட்டுப் போகிறவர் திருப்பிக் கொடுக்கும் மடிக்கணினியும், பழையதென்று விற்கப்படும் மேசைக் கணினியும் இப்படித்தான் கைமாறுகின்றன. நீக்கும்போது 'உங்கள் சாவிகளையும் அழித்துவிடட்டுமா' என்று ஒரு கேள்வி கேட்பது எந்த நிறுவனத்துக்கும் பெரிய வேலையன்று. அது வரும் வரை, கருவியை நீக்கும் முன் அதிலிருந்தே வெளியேறி, அந்த மறை கோப்புறையைத் தனியாக அழித்து, அமேசான் கணக்கில் அந்தச் சாவியையும் செயலிழக்கச் செய்துவிட்டுத்தான் கணினியை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்.